எங்கள் வீட்டு டீவி இருட்டியபோது

டீவி வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு அதன்மேல் முழு நம்பிக்கை இல்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் என் மகன், எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லையாம். கொட்டகலை வரைக்கும் நின்றபடியே பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான். பிள்ளை களைத்துப்போய் வாசலில் நிற்க, நான் பெட்டியின் வாயைத்தான் பார்த்தேன். ஒரு டேப்புக்கு மேல் இன்னொரு டேப் ஒட்டியிருந்தது.

"இது யாரோ பிரிச்சுப் பாத்துட்டு ஒட்டுன பெட்டிடா" என்றேன்.

"எல்லாப் பெட்டியும் அப்பிடித்தாம்மா இருக்கும். மொதல்ல ஒரு வாய் டீத்தண்ணி குடுங்க."

டீத்தண்ணி கொடுத்தேன். சந்தேகத்தை மட்டும் விடவில்லை. கடையில் காட்சிக்கு வைத்து, போகிறவன் வருகிறவன் எல்லாம் நோண்டிப் பார்த்த டீவியை என் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள் என்று உள்ளுக்குள் முடிவுகட்டிக்கொண்டேன். ஆனால் போட்டவுடனே படம் பளிச்சென்று விழுந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்குத்தியில் கல் எத்தனை என்றுகூட எண்ணலாம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு மூக்குத்தி தெரிந்தது. கல்லை எண்ணுகிற வேலையை அவருக்கே விட்டுவிட்டேன்.

தோட்டத்தில் என்னைச் சந்தேகப் பிசாசு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். தையல்காரிக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. துணி கொடுக்கும்போது ஒரு கதை, சட்டை வாங்கும்போது வேறு கதை. தன் உடம்பு பெருத்ததை ஒத்துக்கொள்ளாமல், நான் துணியை அடித்துவிட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். அதனால் அளவெடுக்கும்போது டேப்பை மட்டுமல்ல, ஆளின் முகத்தையும் பார்ப்பேன். யார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையைப் பலகையடித்து மூடி, ஜன்னல் வைத்து, அதன் கீழே என் தையல் மிஷினைப் போட்டிருக்கிறேன். உள்ளே கதவுக்கு எதிர்ச் சுவரில் டீவி. மிஷினில் இருந்தபடி கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், படமும் தெரியும், வீட்டுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்பதும் தெரியும். வீட்டில் மூன்று பேர். தேயிலை பெக்டரியில் காலம் முழுக்க வேலை செய்து ஓய்ந்த என் வீட்டுக்காரர், நான், எங்கள் மருமகள். மகன் லீவுக்கு லீவுதான் வருவான்.

மருமகள் ராகலைப் பக்கத்துப் பெண். கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். இரண்டும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். கோயிலிலும் கட்டி, சேர்ச்சிலும் கட்டி, இரண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையாக நடந்தாயிற்று. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அதிர்ந்து பேசமாட்டாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வாய் பேசுகிறவளை எடைபோடலாம், பேசாதவளை என்ன செய்வது? அதோடு, சிஸ்டர்மார் நடத்திய வகுப்பில் அவள் தையலும் படித்திருந்தாள். வந்த புதிதில், "மாமி, ஓரம் அடிக்கிறதெல்லாம் நான் அடிச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்றைக்கு ஓரம் அடிக்க உட்காருகிறவள் நாளைக்கு எழுந்திருக்கமாட்டாள் என்பது என் கணக்கு. அந்த மிஷின் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் யார்? அடுப்படியில் ஒரு கிழவி, அவ்வளவுதான்.

இந்தப் பயம் கூடியதற்கும் காரணம் இருந்தது. டீவி வந்த பிறகு ஒருநாள், தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு வான் வண்டி வந்தது. கண் பார்க்கிறார்கள் என்று பெண்டுகள் எல்லாரும் போனார்கள், நானும் போனேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பெண் ஒருத்தி என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்லயும் பூ விழ ஆரம்பிச்சிருக்கும்மா, புரைதான். நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. விட்டுறாதீங்க" என்றாள்.

கண்ணாடி விற்க வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவளுக்கும் ஏதோ சொன்னார்கள், பின்னால் இருந்தவளுக்கும் ஏதோ சொன்னார்கள். அத்தனை பேருக்கும் ஒரேயடியாகக் கண் கெடுமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, நல்லா இருக்காம்" என்றேன். ஆனால் அன்றிலிருந்து ஊசியில் நூல் கோர்க்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு கோர்க்கத் தொடங்கினேன். ஒரு டீச்சர், கருநீல ஜாக்கெட்டுக்குக் கறுப்பு நூல் போட்டிருக்கிறேன் என்று சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, மப்பும் மந்தாரமுமாக இருந்த வானத்தின் மேல் பழியைப் போட்டேன். நூற்கடைக்காரன் கட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன்.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எந்தச் சாமானையும் விடமாட்டோம். மிஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, சோற்றுக் குக்கர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைப்பேன். வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது, காய்ந்து தானாக விழவேண்டும். டீவிக்கு இது முதல் பூசை. நெற்றியில் வைக்கலாம் என்று பார்த்தால் மேல் விளிம்பு நூல் கனம்தான் இருக்கிறது. இந்தக் காலத்து டீவிகளுக்கு நெற்றியே இல்லை. கீழ் விளிம்பின் நடுவில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குச் சின்னதாக ஒரு கறுப்புத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்தமாதிரி இருந்தது. சந்தனத்தைக் குழைத்துக் கனமாக அப்பி, குங்குமத்தை வைத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் படம் இருட்டத் தொடங்கியது.

முதலில் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெள்ளைக் கோட்டுப் பெண்ணின் பேச்சு காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. படத்தில் ஆட்கள் எல்லாரும் பொழுது சாய்ந்த பிறகு வெளியே நிற்கிறவர்கள் போலத் தெரிந்தார்கள். பகல் சமையல் நிகழ்ச்சியில்கூடச் சட்டிக்குள் என்ன வேகிறது என்று தெரியவில்லை. "உங்களுக்கும் இப்படித்தான் தெரியுதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்கத்தான் தைரியம் வரவில்லை. இல்லையே, எங்களுக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்று சொல்லிவிட்டால்?

அப்புறம் ஒருநாள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தானாகவே சொன்னார்.

"என்னாங்கிறேன், இந்த டீவி கொஞ்சம் மங்கலாத் தெரியலே?"

எனக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. அப்படியானால் கண்ணில் ஒன்றுமில்லை! டீவிதான் கெட்டுப்போய்விட்டது! என் ஆயுசில் ஒரு சாமான் கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோசப்பட்டதில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன்ல, அது பிரிச்சு ஒட்டுன பெட்டின்னு" என்று எகிறினேன். அன்றைக்கு மகனுக்குப் போன் போட்டுக் கடைக்காரனையும் அவன் பரம்பரையையும் ஒரு பிடி பிடித்தேன்.

"அம்மா, ரிமோட்டுல பிக்சர்னு ஒண்ணு இருக்கும். அதுல பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்க" என்றான்.

ரிமோட்டும் மக்கர் பண்ணியது. மிஷினில் இருந்து அழுத்தினால் வேலை செய்யாது, டீவிக்குக் கிட்டப் போய் அதன் மூக்கில் வைத்து அழுத்தவேண்டியிருந்தது. புது பெட்டரி போட்டும் அதே கதைதான். பெட்டரிக் கடைக்காரனையும் என் பட்டியலில் சேர்த்தேன். பிரைட்னஸைக் கூட்டினால் கறுப்பாக இருக்கவேண்டியது எல்லாம் சாம்பல் பூத்தது. கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் வெள்ளைச் சட்டைகளின் மடிப்பு காணாமல் போனது, இருட்டு அப்படியே இருந்தது. கலரைக் கூட்டினேன். எல்லா முகத்திலும் மஞ்சள் பூசிக் குளிக்கப் போகிறவர்களின் களை வந்தது. என் வீட்டுக்காரர் ரிமோட்டைப் பிடுங்கி எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். மறுநாள் பார்த்தால் யாரோ மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தார்கள். முகங்கள் சிவந்து கிடந்தன, எழுத்துகள் கண்ணைக் குத்தின.

நான் மாற்றவில்லை. அவரும் இல்லை என்றார். மூன்று பேர் இருக்கிற வீட்டில் மிச்சம் யார்?

ஆனாலும் எடுத்த எடுப்பில் மருமகளைப் பிடிக்கவில்லை, முதலில் பக்கத்துக் காம்பராக்காரனைத்தான் பிடித்தேன். அவனுடைய டிஷ்ஷும் எங்களுடைய டிஷ்ஷும் ஒரே கூரையில்தான் இருக்கின்றன. பூசைக்கு முந்தி, தகரம் ஒழுகுகிறது என்று அவன் மேலே ஏறியிருந்தான். எங்கள் டிஷ்ஷைத் திருப்பிவிட்டிருப்பான், இல்லாவிட்டால் எங்கள் வயரில் தன் வயரைப் போட்டு இழுத்திருப்பான். வாசலில் நின்று சாடைமாடையாகப் பேசினேன். அவன் பெண்சாதி, "அக்கா, எங்க படமும் மழைக்கு உடையுதுதான். அதுக்கு யாரைத் திட்டுறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சாடை பேசினால் சண்டைக்கு வரவேண்டும், வராதவர்கள்மேல் எனக்கு இரட்டிப்புச் சந்தேகம்.

டவுனில் பாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற டீவி மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நான் மிஷினை விட்டு எழுந்து அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். இவர்கள் கழற்றுவது ஒன்று, பூட்டுவது இன்னொன்று என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"அம்மே, டிஷ்ல பிழை இல்ல" என்றார் அவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு. "சிக்னல் கொறைஞ்சா படம் கட்டம் கட்டமா உடையும், நின்னு போகும். இருட்டாகாது."

பிறகு பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து டீவியின் முதுகில் குத்தினார். டிஷ்ஷே இல்லாமல் அதிலிருந்து படம் ஓடியது. அதுவும் இருட்டாகத்தான் இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரன் தப்பித்தான். மெனுவுக்குள் போய் எல்லாவற்றையும் ரீசெட் பண்ணினார். அப்போதும் இருட்டு.

"உள்ளுக்குப் பின்னால லைட் பட்டி இருக்கு. அது போகுதோ தெரியாது. கடைக்குக் கொண்டுபோய்த் தெறந்துதான் பாக்கணும்."

"இங்கயே தெறந்து பாருங்க, நான் லைட் பிடிக்கிறேன்."

"இங்க முடியாது அம்மே. பெனல் உடைஞ்சா நான்தானே பொறுப்பு."

உள்ளே இருக்கிற நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசைப் போட்டால் எனக்குத் தெரியவா போகிறது? கொடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஹரி, சரி, யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஸ்கிரீனையாவது துடைத்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு மெல்லிய துணியை எடுத்தார். மேலிருந்து கீழாக அழகாகத் துடைத்துக்கொண்டு வந்தவர், பொட்டு இருந்த இடம் வந்ததும் கையை எடுத்துச் சுற்றிப்போய் அந்தப் பக்கம் துடைத்தார். "பூசைப் பொட்டு, கை வைக்கக் கூடாது" என்றார். அந்த ஒரு விசயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அவர் போன பிறகு எனக்கு நிம்மதிதான். டீவிக்குள்தான் வியாதி என்று வெளியாள் ஒருவர், அதுவும் தொழில் தெரிந்தவர், சொல்லிவிட்டார். லைட் பட்டி போகிறதாம். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இனி இந்த டீவி திருந்தாமல் இப்படியே கிடந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அப்போதுதான் மருமகளைப் பிடித்தேன்.

அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிவிட்டு உள்ளே போனாள். நான் மிஷினில் இருந்தேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், டீவிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருக்கிறாள். கையில் போன். போனின் டோர்ச் வெளிச்சம் டீவியின் கீழ் விளிம்பில் விழுகிறது. அவள் வெளிச்சத்தைக் கிட்டக் கொண்டுபோகப் போக, படம் ஒரு தடவை மூச்சு விட்டமாதிரி கொஞ்சம் தெளிந்தது. அவள் எடுத்ததும் பழையபடி இருண்டது. என் கால் மிஷின் பெடலிலேயே நின்றுவிட்டது.

"என்னாடி பண்றே அங்க?"

அவள் திடுக்கிட்டுப் போனைப் பின்னால் மறைத்தாள். "ஒண்ணுமில்லீங்க மாமி."

ஒன்றுமில்லை என்கிறவர்களிடம்தான் எல்லாம் இருக்கும். நான் எழுந்து உள்ளே போனேன்.  "தெனம் செட்டிங்ஸை மாத்துறது யாருன்னு இப்பத்தான் தெரியுது. போனை வச்சு என்னா பண்றே? டீவியக் கெடுத்து, அவன்கிட்டச் சொல்லிக் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லப் போறியா? இல்ல, என்னையக் கெழடுன்னு ஆக்கிட்டு மிஷின்ல ஏறி உக்காரப் போறியா?"

இரண்டுக்கும் டீவிக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. அன்றைக்கு எல்லாம் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்தியிருந்தன.

சத்தம் கேட்டு, கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மருமகளின் கண் கலங்கியிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"என்னாம்மா, சொல்லு. பயப்படாத."

"செட்டிங்ஸை மாத்துனது நான்தாங்க மாமா. மாமி கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்குறாங்க, பாவமா இருந்துச்சு. அதான் கூட்டி கூட்டி வச்சேன்."  பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா படம் இருட்டுறது அதால இல்லீங்க. அந்தப் பொட்டாலதான்."

"என்னா சொன்னே?"

"அந்த எடத்துல ஒரு சென்சர் இருக்குங்க மாமி. வீட்டுல வெளிச்சம் இருந்தா படத்தைக் கூட்டும், இருட்டா இருந்தா கொறைக்கும். பொட்டு மூடியிருக்கிறதால எந்நேரமும் இருட்டுன்னு நெனச்சுக்கிட்டுக் கொறைச்சே காட்டுது. ரிமோட்டு சிக்னலும் அந்த எடத்துலதான் போகுது. போன்ல தேடிப் பாத்தேன். பூசை முடிஞ்சு கொஞ்ச நாள்லயே எனக்குத் தெரியும், இப்ப நிச்சயம் பண்ணத்தான் டோர்ச் அடிச்சேன்."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்னா?"

"வேதக்காரப் பிள்ளை வந்து பொட்டை அழிக்கச் சொல்லுதுன்னு நீங்க நெனச்சிருப்பீங்க மாமி."

நான் அதைத்தான் நினைத்தேன். அந்த நிமிசத்திலும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்வரைக்கும் வந்த வார்த்தையை அவள் முந்திச் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் மட்டும் மிஞ்சியது.

"பூசைப் பொட்டு தானா விழணும். அழிச்சா வீட்டுக்கு ஆகாது" என்றேன்.

என் வீட்டுக்காரர் கோடரியைக் கதவோரம் சாய்த்து வைத்தார். "பெக்டரியில ஆயுத பூசைக்கு எல்லா மிஷினுக்கும்தான் பொட்டு வப்போம். டிரையர்ல சூடு பாக்குற கண்ணாடியில வச்ச பொட்டை மட்டும் மறுநாள் காலையிலயே தொடைச்சிருவோம். இல்லாட்டித் தேயிலைத் தூள் கருகிப் போயிருமே. அதுக்காகப் பெக்டரிக்கு ஒண்ணும் ஆகலியே?"

இத்தனை வருசத்தில் இந்த மனுசன் இதை என்னிடம் சொன்னதே இல்லை. பொய்யாகக்கூட இருக்கலாம். மருமகளைக் காப்பாற்றுவதற்காக அப்போதே ஜோடித்தாரோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"யாரும் தொடக் கூடாது. நான்தான் வச்சேன், நானே எடுக்குறேன்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், எடுக்கும்போது எனக்குச் சாமி பயம் இல்லை. அவள் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். பொட்டை எடுத்த பிறகும் படம் இருட்டாகவே இருக்கவேண்டும். டீவிதான் குற்றவாளி, டீவியாகவே இருக்கட்டும். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, ஊறவைத்து, மெதுவாகத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கடைசித் துண்டு போனதும், கையை எடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா என்று நினைத்தேன். அப்புறம் படம் மெல்ல மெல்ல ஏறியது. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம், பின்னாலிருந்த சுவர், கீழே ஓடுகிற எழுத்து எல்லாம் ஒன்றாக எழும்பி வந்தன. வீட்டுக்குள்ளேயே வெளிச்சம் கூடிப்போனது.

"பாத்தியா! இதுதான் டீவி!" என்று என் வீட்டுக்காரர் கைதட்டினார். தூரத்தில் நின்று ரிமோட்டை அழுத்திப் பார்த்தார். அதுவும் வேலை செய்தது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நானும் சிரித்தேன். வெளிச்சம் வந்தது உண்மை. ஆனால் அந்த வெளிச்சத்துக்கு மேலே, எண்ணெய்க் கையால் தொட்ட கண்ணாடி போல ஒரு மங்கல் அப்படியே கிடந்தது. இருட்டாக இருந்தவரைக்கும் அது தனியாகத் தெரியவில்லை. ஸ்கிரீனில் சந்தனத் தண்ணீர் பட்டிருக்கும் என்று முந்தானையின் காய்ந்த பக்கத்தால் இன்னொரு தடவை துடைத்தேன். போகவில்லை.

"இந்தா பாரு, அந்தப் பிள்ளை கட்டியிருக்கிற நீலச் சீலை எவ்வளவு எடுப்பா இருக்குன்னு. இதே மாதிரி ஒண்ணு தீவாளிக்கு எடுப்போமா?" என்றார் அவர்.

"நீலமா? பச்சைச் சீலைல்ல கட்டியிருக்கா?"

அவர் சிரித்தார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார் போல. பிறகு சிரிப்பை நிறுத்தி மருமகளைப் பார்த்தார். 

இவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கலரைக் கூட்டிக் குறைத்து ஏதோ செய்து வைத்திருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவர் முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் அவர் முகம். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற முகம் இரண்டில் எதுவும் இல்லை.

டீவியின் பக்கம் திரும்பினேன். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தேன். சீலை பச்சை. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன். அதே சீலை, அதே பெண், அதே டீவி. இப்போது சாம்பல். நீலம் என் எந்தக் கண்ணிலும் இல்லை. சந்தேகப்பட இனி ஆள் இல்லை என்று அப்போது புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்த மாதிரிப் பயம் பிள்ளை பெறப் போனபோதுகூட இருந்ததில்லை.

மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த வான் வந்த அன்னைக்கு உங்களுக்கு என்னா சொன்னாங்க மாமி?" என்று கேட்டாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பூ விழுந்திருக்குன்னாங்க. ரெண்டுலயும். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க."

என் வீட்டுக்காரர் ரிமோட்டால் டீவியை அணைத்தார். "வெட்டி எடுத்துட்டு வேற வச்சிருவாங்க. நம்ம பெக்டரி ஆபீசரு அந்த ஆபரேசன் செஞ்சுக்கிட்டு இப்ப பேப்பர் படிக்கிறாரு" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

வெளியே மிஷினில், பாதி தைத்த ஒரு ஜாக்கெட் கிடந்தது. மறுநாள் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அது என்ன நிறம் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன், அதுவரைக்கும். எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தேன். மருமகள் வாசற்படியிலேயே நின்றாள். நூல் பெட்டியைத் திறந்தேன். கட்டைகள் எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. எதையும் எடுக்காமல், பெட்டியை அவள் பக்கம் தள்ளினேன்.

"தைக்கிறது நான்தான். இந்தத் துணிக்குச் சரியான நூலை மட்டும் நீ எடுத்துக் குடு."

அவள் கீழே உட்கார்ந்து, ஒரு கட்டையை எடுத்துத் துணியோடு ஒட்டிப் பார்த்துவிட்டு நீட்டினாள். அதை நான் சரிபார்க்கவில்லை. மிஷினில் மாட்டினேன்.